எந்தக் கை வலிக்கிறது?

பலத்த காற்றில் முதன்முறையாகத் தனியாகப் பாய்மரப் படகை ஓட்டித் திரும்பியதற்கு மறுநாள் காலையில் என்னால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. எனக்குப் படகோட்டக் கற்றுக்கொடுத்த அண்ணனிடம் அதைச் சொன்னேன். வலியைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. அவ்வளவு காற்றிலும் கவிழாமல் கரை சேர்ந்திருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"எந்தக் கை வலிக்கிறது, தம்பி?"

"சுக்கான் பிடித்த கை, அண்ணா."

"அப்படியானால் நேற்று முழுவதும் படகோடு மல்லுக்கட்டியிருக்கிறாய். ஒழுங்காக ஓட்டியிருந்தால் தொடையும் வயிறும் வலித்திருக்கும். கயிறு பிடித்த உள்ளங்கை எரிந்திருக்கும். சுக்கான் பிடித்த கைக்கு ஒன்றும் ஆகியிருக்காது."

அந்தப் பதில் எனக்கு முழுதாகப் புரிய இரண்டு பருவங்கள் பிடித்தன. காற்று வலுக்கும்போது சிறு படகைத் திருப்புவது பாயும் உடம்பின் எடையும்தான். சுக்கான் அவை செய்ததைக் கடைசியில் சரிபார்க்கும் கருவி. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நீரில் இறங்குகிறவர்கள் ஏராளம். நானும் அப்படித்தான் இறங்கினேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

சிறு படகு என்று நான் சொல்வது நான்கைந்து மீட்டர் நீளமுள்ள, ஒருவரோ இருவரோ ஓட்டுகிற, நடுப்பலகையை நீருக்குள் இறக்கி ஓடுகிற திறந்த படகை. அதன் அடியில் ஈயமோ இரும்போ கிடையாது. படகை நிமிர்த்தி வைக்கும் எடை நம் உடம்பு ஒன்றுதான். காற்று கூடினால் நம் எடை கூடுவதில்லை. சிக்கல் எல்லாம் இங்கே தொடங்குகிறது.

அதுவும் காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின்மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) காற்றில் விளிம்பில் உட்கார்ந்து சுகமாக ஓட்டிய அதே படகு, 20 நாட் காற்றில் நான்கு மடங்கு விசையோடு நம்மைக் கவிழ்க்கப் பார்க்கும். 'கொஞ்சம்தான் கூடியிருக்கிறது' என்று கரையில் நின்று நினைப்பதில் உள்ள ஆபத்து இதுதான். 15 நாட் 20 ஆவது காதுக்குச் சிறு மாற்றம். பாய்க்கோ அது ஏறக்குறைய 80 விழுக்காடு கூடுதல் சுமை.

1805இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் காற்றுக்கு எண்களிட்டபோது, வேகத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை. ஒரு போர்க்கப்பல் எந்தக் காற்றில் எத்தனை பாய்களை விரிக்க முடியும், எப்போது எவற்றைச் சுருக்க வேண்டும் என்பதை வைத்தே தன் அளவீட்டை அமைத்தார். மணிக்கு இத்தனை என்ற எண்கள் பிற்காலத்தில் சேர்ந்தவை. எனக்கு அந்தப் பழைய முறை மிகவும் பிடிக்கும். காற்று எவ்வளவு என்று கேட்பதைவிட, இந்தக் காற்றுக்கு எவ்வளவு பாய் என்று கேட்பதே படகில் இருப்பவனுக்கு உதவும். இன்றைய கணக்கில் போஃபர்ட் 5 என்பது 17 முதல் 21 நாட், அதாவது மணிக்குச் சுமார் 31 முதல் 39 கிலோமீட்டர். நீர்ப்பரப்பு எங்கும் வெண்ணுரை தெரியும், ஆங்காங்கே சாரல் பறக்கும். சிறு படகுக்கு எல்லைக்கோடு ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. அதற்கு மேல் போகிறவருக்குத் தேர்ச்சியும் வேண்டும், அருகில் உதவிக்கு இன்னொரு படகும் வேண்டும்.

இனி சுக்கானுக்கு வருகிறேன்.

படகு நிமிர்ந்து ஓடும்போது பாயின் இழுவிசை ஏறத்தாழ நடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது. படகு சாய்ந்துவிட்டால் பாய் முழுவதும் ஒரு பக்கமாக நீரின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். இழுக்கிற விசை படகுக்கு வெளியே, இழுபடுகிற படகு உள்ளே. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு பக்கத்து மாடு மட்டும் இழுத்தால் வண்டி எப்படி மறுபக்கம் வளையுமோ, அப்படியே படகின் அணியம், அதாவது முன்முனை, காற்று வரும் திசையை நோக்கி வளைகிறது. சாய்ந்த உடற்பகுதி நீருக்குள் ஒருபக்க வளைவாக அமிழ்ந்து, அதே திசைக்கு மேலும் தள்ளுகிறது. இதைத் தடுக்க நாம் சுக்கான் பிடியை நம் மார்பை நோக்கி இழுக்கிறோம். சாய்வு கூடக் கூட இழுப்பும் கூடுகிறது. குறுக்கே திரும்பிய சுக்கான் நீரில் தடையாக நின்று வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்த படகு இன்னும் சாய்கிறது. ஒரு கட்டத்தில் சுக்கானின் தகடு நீரில் படுத்துவிடும், மேலிருந்து காற்றை உறிஞ்சும், பிடிமானம் சட்டென்று போய்விடும். கையில் இருந்த கனம் ஒரே நொடியில் மறையும். அடுத்த நொடி படகு தானாகச் சுழன்று காற்றை எதிர்த்து நிற்கும், அல்லது கவிழும்.

முதல் நாளில் நான் இரண்டு மணி நேரம் அந்த இழுப்போடு போராடியிருக்கிறேன். சாய்ந்து பறப்பதுதான் வேகம் என்று நம்பினேன். பக்கத்தில் என்னைவிட எடை குறைந்த ஒரு பெண் தன் படகைத் தட்டையாக வைத்துக்கொண்டு, பாதி நேரம் பாய் படபடக்க, என்னைத் தாண்டிப் போனார். பாய் படபடக்கிறதே, இவருக்கு ஓட்டத் தெரியவில்லை போலிருக்கிறது என்றுகூட எனக்குத் தோன்றியது.

பலத்த காற்றுக்கான பாடத்தை அண்ணன் மெல்லிய காற்றில்தான் நடத்தினார். ஒரு மாலையில் இருவர் ஓட்டும் படகில் நடுநீருக்குப் போனோம். அவர் சுக்கானைக் கழற்றிப் படகுக்குள் வைத்துவிட்டு, "இப்போது கரைக்குப் போகலாம், ஓட்டு" என்றார். முதல் கால் மணி நேரம் படகு வட்டம் போட்டது. பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. பெரிய பாயை இழுத்து, படகைக் காற்று போகும் பக்கம் கொஞ்சம் சாயவிட்டால் அணியம் காற்றை நோக்கித் திரும்புகிறது. பெரிய பாயைத் தளர்த்தி, முன்பாயை இழுத்து, படகை நம் பக்கமாகச் சாய்த்தால் அணியம் காற்றைவிட்டு விலகுகிறது. நேராகப் போக வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளியைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். இருட்டுவதற்குள் கரைக்கு வந்துசேர்ந்தோம். பாய்மரப் படகு கற்கும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது செய்ய வேண்டிய பயிற்சி இது. வேறெந்தப் பாடமும் எனக்கு இவ்வளவு கற்றுத் தந்ததில்லை.

பாயின் பின்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குத் தமிழில் தாமான் என்று அழகான பெயர் உண்டு. பலத்த காற்றில் உயிர் அந்தக் கயிற்றில் இருக்கிறது. காற்றின் திடீர் வீச்சு வந்து படகை அறையும் கணத்தில் செய்ய வேண்டியவை மூன்று: தாமானைக் கொஞ்சம் விடு, உடம்பை வெளியே சாய், படகு நிமிர்ந்ததும் திரும்ப இழு. வரிசை முக்கியம். முதலில் விட வேண்டும். படகு சாய்ந்த பிறகு விட்டால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். ஒரு கை நீளம் விட்டாலே போதும், பெரும்பாலும் அதற்கும் குறைவுதான் தேவைப்படும். அந்தக் கணத்தில் பாயின் முன்பகுதி படபடக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். விட்ட விசை முன்னோக்கிய பாய்ச்சலாக மாறுவதைப் படகின் அடியில் உணரலாம். அந்த உணர்வு ஒரு முறை கிடைத்துவிட்டால் சுக்கானை இழுத்துப் போராடும் பழக்கம் தானாகவே விலகிவிடும்.

இதனால்தான் பலத்த காற்றில் தாமானை, கயிற்றை நழுவாமல் பற்றிக்கொள்ளும் கவ்வியில் மாட்டிவைக்கக் கூடாது. கை களைத்துவிடுகிறது, மாட்டினால் நிம்மதி என்று தோன்றும். நான் அந்த நிம்மதியின் விலையைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் எதிரே குறுக்காக வந்த படகுக்கு வழிவிட்டு, அதன் பின்புறமாகப் போக நினைத்தேன். அதற்கு என் படகு காற்றைவிட்டு விலகித் திரும்ப வேண்டும். சுக்கான் பிடியை முழுவதுமாக மார்போடு இழுத்தேன். படகு திரும்பவில்லை. தாமான் கவ்வியில் இறுக்கமாக இருந்தது. இழுத்துக் கட்டிய பெரிய பாய் அணியத்தைக் காற்றை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. சுக்கான் ஒரு பக்கம், பாய் மறுபக்கம். பாய்தான் வென்றது. இரண்டு படகுகளுக்கும் இடையே ஒரு கை இடைவெளிதான் இருந்தது. அந்தப் படகில் இருந்தவரின் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது. வழிவிட்டு விலகும்போது கை முதலில் தாமானுக்குப் போக வேண்டும், சுக்கான் அதற்குப் பிறகு.

வீச்சு வருவதை முன்னதாகவே பார்த்துவிடலாம் என்பது காற்றில் இருக்கிற பெரிய கருணை. காற்று வரும் பக்கத்து நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கருத்த திட்டுகள் தெரியும். சின்னஞ்சிறு அலைகள் நெருக்கமாக எழுந்து, நீரின் நிறத்தையே மாற்றிவிடும். அந்தக் கருமை நம்மை நோக்கி நகர்ந்து வரும். இருவர் இருந்தால் ஒருவர் "மூன்று, இரண்டு, ஒன்று" என்று உரக்க எண்ண வேண்டும். தனியாக இருந்தாலும் நான் எண்ணுகிறேன். 'ஒன்று' சொல்லும்போது உடம்பு ஏற்கெனவே வெளியே இருக்க வேண்டும், தாமான் கைக்குள் நழுவத் தயாராக இருக்க வேண்டும்.

பாயைத் தட்டையாக்குவது அடுத்த வேலை. தொப்பையாக உப்பிய பாய்க்கு விசை அதிகம். தட்டையான பாய்க்குக் குறைவு. பாயின் அடிவிளிம்பை இழுக்கும் கயிறு, முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு, பாயின் அடியில் இருக்கும் கிடைக்கழியான பூமைக் கீழ்நோக்கிப் பிடிக்கும் கிக்கர் என்ற கயிறு ஆகிய மூன்றையும் கரையிலேயே இறுக்கிவிட்டுக் கிளம்பலாம். இதை நீரில் செய்துகொள்ளலாம் என்று விடுவோர்க்கு நீரில் கை கிடைப்பதில்லை.

அதுவும் போதாதபோது பாயைச் சுருக்க வேண்டும். ரீஃப் எடுப்பது என்று சொல்வோம். எப்போது எடுப்பது என்பதற்குக் கடலோடிகளிடம் பழைய விடை ஒன்று உண்டு: எடுக்கலாமா என்று முதல் முறை தோன்றும்போதே எடுத்துவிடு. நான் அதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே மூன்று முறை தாமதித்திருக்கிறேன். இப்போது எனக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. தாமானைப் பாதி நேரத்துக்கு மேல் விட்டே ஓட்ட வேண்டியிருந்தால், அல்லது சுக்கான் பிடியை இரண்டு விரல்களால் பிடிக்க முடியாமல் போனால், பாய் அதிகம். செய்முறையில் தவறுகிற இடம் ஒன்று உண்டு. தாமானைத் தளர்த்துவார்கள், பாயை ஏற்றும் ஆஞ்சானையும் இறக்குவார்கள். ஆனால் கிக்கரைத் தளர்த்த மறந்துவிடுவார்கள். பூம் கீழேயே கட்டுண்டு கிடந்தால் பாயின் பின்முனை அதோடு சேராது. அந்த நிலையில் வலுவாக இழுத்தால் துணி கிழியும். கிக்கரைத் தளர்த்து, ஆஞ்சானை இறக்கு, முன்முனையை மாட்டு, ஆஞ்சானை விறைப்பாக ஏற்று, பின்முனையை இழுத்துக் கட்டு. அதன் பிறகே கிக்கரும் தாமானும். பாய்மரத்தைச் சுற்றியே பாயைச் சுருட்டக்கூடிய படகுகளில் வேலை இன்னும் சுலபம்.

இதையெல்லாம் குதிக்கிற படகில் எப்படிச் செய்வது? முன்பாய் உள்ள படகானால் படகை நிறுத்தி வைக்க வழி உண்டு. முன்பாயின் கயிற்றை விடாமலே காற்றின் குறுக்கே திரும்பினால் முன்பாய் காற்று வரும் பக்கமாக மாட்டிக்கொள்ளும். பெரிய பாயைத் தளர்த்தி, சுக்கான் பிடியைக் காற்று போகும் பக்கமாகத் தள்ளி வைத்தால், ஒன்று விலக்க ஒன்று திருப்ப, படகு இரண்டுக்கும் இடையே அமைதியாக மிதக்கத் தொடங்கும். சற்று முன்வரை இரைச்சலாக இருந்த இடத்தில் பேசினால் கேட்கும். பாயைச் சுருக்கவோ, தண்ணீரை இறைக்கவோ, வெறுமனே மூச்சு வாங்கவோ இதைவிட நல்ல இடம் நடுநீரில் இல்லை.

காற்றை முதுகில் வாங்கி ஓடுவது பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஏமாற்றும். 20 நாட் காற்றில், அது வீசும் திசையிலேயே 7 நாட் வேகத்தில் ஓடினால் படகில் இருப்பவருக்கு 13 நாட் காற்றுதான் தெரியும். வெயில் இதமாகத் தெரியும், காற்று தணிந்துவிட்டதாகத் தோன்றும். அதே படகைத் திருப்பிக் காற்றை எதிர்த்து 45 பாகைக் கோணத்தில் 5 நாட் வேகத்தில் ஓட்டினால் முகத்தில் அறைவது ஏறத்தாழ 24 நாட். பாயின்மேல் அழுத்தம் மூன்று மடங்குக்கும் மேல். ஓடிக்கொண்டே போய்விட்டுத் திரும்பும்போது 'காற்று திடீரென்று வலுத்துவிட்டது' என்று சொல்கிறவர்கள் பலர். பெரும்பாலும் காற்று அப்படியேதான் இருந்திருக்கும். அதனால் காற்று கூடும் நாள்களில் முதலில் காற்றை எதிர்த்தே போவேன். திரும்பும் வழி சுலபமாக இருக்கும்.

கரையிலிருந்து நீரை நோக்கி வீசும் காற்றிலும் இதே வகை ஏமாற்று உண்டு. நாம் நிற்கும் இடம் மரங்களின் மறைவில் அமைதியாக இருக்கும், நீரும் கண்ணாடி போல இருக்கும். அலை எழத் தூரம் வேண்டும் அல்லவா? அரைக் கிலோமீட்டர் உள்ளே போனால்தான் உண்மையான காற்று தெரியும். அப்போது ஏதாவது உடைந்தால் காற்று நம்மைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போகும்.

முதுகுக்காற்றில் நேர் பின்னால் காற்றை வைத்து ஓடுவதைத் தவிர்க்கிறேன். பாயின் மேற்பகுதி முறுக்கிக்கொண்டு பாய்மரத்துக்கு முன்னால் போனால், படகு இடமும் வலமுமாக உருளத் தொடங்கி, நம் பக்கமாகவே கவிழும். கிக்கரை ஓரளவு இறுக்கமாக வைத்து, பூமை முழுதாக வெளியே விடாமல், காற்றைச் சற்றுக் குறுக்காக வாங்கி ஓடினால் உருளல் அடங்குகிறது. அணியம் அலைக்குள் குத்தாதபடி எடையைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஜைப், அதாவது காற்று பின்னாலிருக்க பூமை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றுவது, பலரையும் கவிழ்க்கும் இடம். அச்சத்தில் வேகம் குறையட்டும் என்று காத்திருப்போம். அதுதான் தவறு. படகு மெதுவாக இருக்கும்போது பாயின்மேல் காற்றின் முழுப் பாரமும் இருக்கும். அலையின் முகட்டிலிருந்து சறுக்கி இறங்கி, படகு மிக வேகமாக ஓடும் கணத்தில் பாயில் காற்று மிகக் குறைவு. அப்போது பூம் ஏறக்குறைய எடையின்றி மறுபக்கம் வரும். தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், பூம் மண்டையைப் பிளக்கக்கூடியது. நடுப்பலகையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் படகு அதன்மேல் தடுக்கி விழாது. பூம் தாண்டியதும் அணியம் காற்றை நோக்கிச் சுழலப் பார்க்கும். சுக்கானைச் சற்று மறுபக்கம் கொடுத்து, உடனே தாமானை ஓடவிட வேண்டும். மனம் ஒப்பவில்லையென்றால் ஜைப் வேண்டாம். காற்றை நோக்கி வட்டமாகச் சுற்றி, அணியத்தைக் காற்றின் குறுக்கே கடத்தித் திரும்பலாம். கொஞ்சம் தூரம் வீணாகும், அவ்வளவுதான்.

கவிழ்ந்தாலும் படகு அருகிலேயே இருக்கிறது. அதைவிட்டு நீந்திப் போகக் கூடாது. நீரில் ஒரு தலை தொலைவிலிருந்து தெரியாது, கவிழ்ந்த படகு தெரியும். 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. அயர்லாந்துக் கரையோரத்து ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவரும் அந்தப் பந்தயத்தைப் புயல் தாக்கியது. போட்டியாளர்களில் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை ஆள்கள் கைவிட்டார்கள். அவற்றில் மூழ்கியவை 5 மட்டுமே. நம் படகுகளைவிட அவை பன்மடங்கு பெரியவை, அந்தக் கடலும் வேறு. அந்த இரவில் அங்கிருந்தவர்களை எடைபோட எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் மிதந்துகொண்டிருந்த அந்த 19 படகுகளை நினைக்காமல் நான் நீரில் இறங்குவதில்லை.

நிமிர்த்தும்போது அணியம் காற்றைப் பார்த்திருக்க வேண்டும், தாமான் தளர்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுந்த வேகத்திலேயே பாய் காற்றை வாங்கி, படகு மறுபக்கம் கவிழும். இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால் கைகளில் ஏறிக்கொள்ளும் வலிமை போய்விடும். உயிர்காப்பு உடையை இறுக்கமாகப் போட்டிருக்கிறோமா என்பது அப்போது நினைவுக்கு வந்து பயனில்லை.

கரையை நோக்கிக் காற்று வீசும் நாளில் இறங்குவது இன்னமும் எனக்கு நெஞ்சு படபடக்கும் வேலை. முழுப் பாயோடு வந்தால் நிறுத்த வழியே இல்லை, காற்று பின்னாலிருந்து தள்ளும்போது பாயை எவ்வளவு தளர்த்தினாலும் அது காற்றில்தான் இருக்கும். ஆகவே கரைக்கு வெகு தொலைவிலேயே அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பி, பெரிய பாயை முழுவதும் இறக்கிச் சுருட்டிக் கட்டிவிடுகிறேன். முன்பாய் மட்டும் போதும். நீர் ஆழம் குறையும் இடத்தில் நடுப்பலகையை உயர்த்துகிறேன். அலை உடையும் வரிசைக்கு முன்னால், தரையில் தட்டி உடைவதற்குள் சுக்கானின் தகட்டையும் தூக்கிவிட வேண்டும். கடைசி இருபது முப்பது மீட்டர் சுக்கான் கிடையாது. முன்பாயின் கயிறு ஒரு கையில், மறு கை படகின் விளிம்பில், இடுப்பை இப்படியும் அப்படியும் நகர்த்தி, அந்த மாலையில் அண்ணன் கற்றுக்கொடுத்தபடியே அணியத்தை மணலை நோக்கி நேராக வைத்துக்கொண்டு உள்ளே வருகிறேன்.